மடியில் கிடந்த கிதார்

சிறுமலை அடிவாரத்து ஆட்டுமணியோசை கேட்டு வளர்ந்த திண்டுக்கல்காரர்களாகிய நமக்கு, காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒருநாட்பொழுதை இசையால் சொல்லும் ‘கால் ஆஃப் த வேலி’ அந்நியமன்று. 1967இல் வெளிவந்த அவ்விசைத்தட்டில் சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிதார் மூன்றும் இணைந்தன.

கிதார் அன்று மரபிசை மேடைக்குப் புதிது. மேலைக்கருவியில் கமகம் பேசுமா என்பதே ஐயம். காப்ரா அதனை மடியில் கிடத்தி, கம்பிகள்மேல் உலோகத்துண்டை வழுக்கிச் சுரங்களை இழைத்துக் காட்டினார்.

விடியலில், நம் சக்கரவாகத்தை ஒத்த ஆகிர் பைரவில் தொடங்கும் இசை, பஹாடியில் நிறைவுறுகிறது. முல்லைக்கு மாலை எனச் சிறுபொழுது வகுத்த தொல்காப்பியர் வழிவந்தோர்க்கு, பொழுதறிந்து இராகம் அமைத்த இம்முறை புதிதோ? அதன் நிலைபேற்றுக்கு அதுவே காரணம் என்போம்.

காப்ரா 2018இலும் சர்மா 2022இலும் மறைந்தனர். ஆயினும் அந்தியில் அத்தட்டைக் கேட்குங்கால், கிதார் எந்நாட்டுக் கருவி என்னும் வினாவே நமக்கு எழுவதில்லை.