அலுமினியம்–செம்பு உராய்வுக் கிளறல் பற்றவைப்பின் வலிமை

உராய்வுக் கிளறல் பற்றவைப்பு என்பது உலோகத்தை உருக்காமல், சுழலும் கருவியால் இளக்கிக் கிளறி இணைக்கும் முறை. பட்டறைகளில் பிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் என்றே சொல்வார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள வெல்டிங் இன்ஸ்டிடியூட் 1991இல் இதற்குக் காப்புரிமை கோரியது. கப்பல் பலகைகள், ரயில் பெட்டிகள் என அலுமினியத்தோடு அலுமினியத்தைச் சேர்ப்பதில் இது சீக்கிரமே வேரூன்றிவிட்டது. அலுமினியத்தைச் செம்போடு சேர்ப்பது இன்னும் முழுதாகப் பிடிபடாத வேலை.

வடசென்னையில் இதன் தேவை மின்சாரத்திலிருந்து வருகிறது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் பெரிய அனல் மின் நிலையங்கள் ஓடுகின்றன. மின்சாரத்தைத் தெருக்களுக்குக் கொண்டுசெல்ல மண்ணுக்கடியில் போகும் கேபிள் பெரும்பாலும் அலுமினியம். மோட்டாரின் கம்பிச்சுற்றும் சுவிட்ச் முனையும் பெரும்பாலும் செம்பு. இரண்டும் எங்காவது சந்தித்தே ஆக வேண்டும். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கடற்காற்று படும் தெருவில், செம்புப் பட்டையில் போல்ட் போட்டு முறுக்கிய, கேபிள் முனையிலுள்ள பழைய அலுமினிய லக்கைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். பக்கத்துப் பிவிசி உறை சூட்டில் கருகிச் சுருங்கியிருக்கும். உப்பு ஈரம் படிந்ததும் இரு உலோகமும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிடுகின்றன. திட்ட மின்முனை அழுத்தம் அலுமினியத்துக்கு −1.66 வோல்ட், செம்புக்கு +0.34 வோல்ட், கரைவது அலுமினியம். தொடுபரப்பு குறைய மின்தடை ஏறும், சூடு ஏறும், போல்ட் தளரும். இரு உலோகத்தாலான பைமெட்டல் வாஷரும் பைமெட்டல் லக்கும் வந்தது இதனால்தான். உருளை வடிவ லக்குகளைச் சுழல் உராய்வு முறையிலேயே ஒட்டிவிடலாம். மின்சாரம் கடத்தும் பட்டையான பஸ்பாருக்கும் மின்வாகன பேட்டரி இணைப்புக்கும் பொருந்துவது கிளறல் முறை.

ஆர்க் வெல்டிங் இங்கே உதவாது. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும், செம்பு 1,085இல். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டும் கலந்த கலவை 548 பாகையிலேயே உருகத் தொடங்கி, உறையும்போது உலோகங்களுக்கிடைச் சேர்மங்களாக மாறுவது. ஒரு செம்பு அணுவுக்கு இரண்டு அலுமினிய அணு கொண்டது ஒன்று; ஒன்பது செம்புக்கு நான்கு அலுமினியம் கொண்டது இன்னொன்று. இரு தாய் உலோகங்களையும்விடப் பலமடங்கு கடினமானவை, ஆனால் தடித்தால் அப்பளம்போல் நொறுங்கும்.

கிளறல் முறையிலும் இச்சேர்மம் உருவாகத்தான் செய்யும். உருவாகவும் வேண்டும், துளியும் இல்லையென்றால் உலோகங்கள் சரியாக ஒட்டவில்லை என்றே கொள்ளலாம். எவ்வளவு தடிமன் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. சுமார் 1 மைக்ரானில், இடைவிடாமல் சீராகப் படர்ந்த அடுக்கு வலிமை தரும். சில மைக்ரானைத் தாண்டினால் விரிசல் அதன் வழியே ஓடிவிடும்.

கருவிக்கு அகன்ற தோளும் நடுவில் நீட்டிய முள்ளும் உண்டு. தோள் உரசிச் சூடேற்றும். முள் உள்ளே இறங்கி இளகிய உலோகத்தைப் பின்னுக்குத் தள்ளும். சுழற்சியும் நகர்வும் ஒரே திசையில் அமையும் பக்கத்தில் செம்பை வைப்பதே நல்லது என்று பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. முள்ளை நடுக்கோட்டில் இறக்காமல் அலுமினியப் பக்கம் ஒதுக்க வேண்டும். செம்பை அது லேசாகச் சுரண்டினால் போதும். நடுவில் இறக்கினால் செம்பு துண்டு துண்டாகப் பெயர்ந்து சிதறும், ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் சேர்மம் தடிக்கும். சுழற்சி வேகம் கூடினால் சூடு கூடும். நகர்வு வேகம் கூடினால் குறையும். சூடு போதாவிட்டால் நீளவாக்கில் உள்ளே பொந்து விழும். நகர்வு வேகத்துக்கும் நுண்கட்டமைப்புக்கும் உள்ள தொடர்பைப் பெலிக்ஸ் சேவியர் முத்துவும் ஜெயபாலனும் 2015இல் ஜர்னல் ஆஃப் மெட்டீரியல்ஸ் பிராசஸிங் டெக்னாலஜி இதழில் ஆராய்ந்தனர்.

மென்படுத்திய தூய அலுமினியம் 70 முதல் 90 மெகாபாஸ்கலில் அறும். செம்பு 200ஐத் தாண்டியும் தாங்கும். ஆகவே விளிம்போடு விளிம்பு சேர்க்கும் முட்டு இணைப்பின் வலிமைக்கு அலுமினியமே உச்சவரம்பு. நல்ல இணைப்பு ஒட்டிய கோட்டில் விடாமல், சூடுபட்டு மென்மையான அலுமினியப் பகுதியில் கழுத்துச் சிறுத்து அறும். கோட்டிலேயே வெடுக்கென முறிந்து, முறிமுகம் நீட்சியே இல்லாமல் தட்டையாக இருந்தால் சேர்மத்தைச் சந்தேகிக்கலாம். ஆய்வுத்தாள்கள் தரும் ‘இணைப்புத் திறன்’ விழுக்காட்டை எதனோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்காமல் நம்பக் கூடாது. மென்படுத்திய அலுமினியத்தோடு ஒப்பிட்டால் 100ஐத் தொடும் அதே இணைப்பு, உருட்டி இறுக்கிய அலுமினியத்தோடு ஒப்பிட்டால் வெகுவாக இறங்கிவிடும். வளைவுச் சோதனை இன்னும் கறார்.

அந்த விழுக்காடும் புதிதாய்ப் போட்ட இணைப்புக்குரியது. மின்னோட்டத்தில் சூடாகும் பஸ்பாரில் அணுப்பரவல் நிற்பதில்லை. அடுக்கு ஏறத்தாழ காலத்தின் வர்க்கமூலத்துக்கேற்பத் தடிக்கும், சூடு கூடினால் வெகு வேகமாக. சேர்மங்களின் மின்தடை இரு உலோகங்களைவிடவும் அதிகம் என்பதால் சூடு மேலும் ஏறும். அலுமினியம் செம்பைவிடக் கூடுதலாக விரிவதால், சுமை ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கோடு நெருக்கப்படும்.

பற்றவைத்த இணைப்பில் ஈரம் புக இடுக்கு இல்லை. ஆனால் வெளிவிளிம்பில் இரு உலோகமும் சந்திக்கும் கோடு திறந்தே கிடக்கும். எண்ணூர்க் கழிமுகத்து உப்புக் காற்றில் அரிப்பு தொடங்குவது அங்கேதான். வெப்பத்தில் சுருங்கும் உறையையோ எபாக்சிப் பூச்சையோ இருபுறமும் மூடும்படி போட வேண்டும். ஒன்றை மட்டும்தான் பூச முடியும் என்றால் செம்பையே பூச வேண்டும். அரிபடுவது அலுமினியம்தானே என்று அதை மட்டும் மூடினால், பூச்சில் விழும் சின்னக் கீறலில் அரிப்பு முழுவதும் குவிந்து பட்டையைத் துளைத்துவிடும்.