29ஆம் கேள்வியும் 30ஆம் கேள்வியும்: கொரியர்கள் ஆங்கிலம் படித்த கதை

1889 டிசம்பர். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு கொரிய இளைஞர் தன் நாட்குறிப்பின் மொழியை மாற்றுகிறார். பெயர் யூன் சி-ஹோ. 1883இல் எழுத ஆரம்பித்தபோது செவ்வியல் சீனத்தில் எழுதினார், அதுதான் அன்றைய படித்தவர்களின் மொழி. 1887இல் கொரிய மொழிக்கு வந்தார். இரண்டே வருடத்தில் அதையும் விட்டு ஆங்கிலம். காரணத்தையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்: தான் சொல்ல நினைப்பதையெல்லாம் சொல்ல கொரிய மொழியில் சொற்கள் போதவில்லையாம். அதன் பிறகு 1943 வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், ஆங்கிலத்திலேயே எழுதினார்.

இதைப் படித்ததும் நமக்குக் கோபம் வரும். தாய்மொழியில் சொல் இல்லையா என்று. ஆனால் அவர் இடத்தில் நின்று பார்த்தால் விஷயம் வேறு. ரயில், தேர்தல், பத்திரிகை, கம்பெனி, தனிமனித உரிமை என்று அவர் கண்முன்னே ஓடிய நவீன வாழ்க்கைக்கு அன்றைக்கு சியோலில் பெயர்களே இன்னும் நிலைபெறவில்லை. சீன எழுத்துகளை வைத்து ஜப்பானியர்கள் உருவாக்கிய கலைச்சொற்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. கொரியர்கள் ஆங்கிலம் படித்த வரலாற்றைக் கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். இந்த நாட்குறிப்புதான் எனக்கு அதன் முதல் பக்கமாகத் தெரிகிறது.

யூன் ஆங்கிலம் படித்ததே ஒரு விபத்து மாதிரிதான். 1882இல் கொரியாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருடமே அமெரிக்கத் தூதர் வந்து இறங்கிவிட்டார். மொழிபெயர்க்க ஆள் இல்லை. ஜப்பானில் சில மாதங்கள் ஆங்கிலம் படித்திருந்த யூன்தான் கிடைத்தார். சில மாத ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அரசருக்கும் தூதருக்கும் நடுவில் நின்றவர் அவர்! அதே 1883இல் மொழிபெயர்ப்பாளர்களைத் தயார் செய்ய அரசு ஒரு பள்ளி திறந்தது. 1885இல் மெதடிஸ்ட் மிஷனரி ஹென்றி அப்பென்செல்லர் தொடங்கிய பள்ளிக்கு மறுவருடம் அரசர் கோஜோங் ‘பேஜே’ என்று பெயர் கொடுத்தார். 1886இல் பெண்களுக்காக மேரி ஸ்க்ரான்டன் தொடங்கியது ‘இஹ்வா’. அதே வருடம் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக அரசே ஒரு பள்ளி திறந்து, அமெரிக்காவிலிருந்து மூன்று ஆசிரியர்களை வரவழைத்தது.

இங்கே ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1894. நூற்றாண்டுகளாக நடந்துவந்த கன்பூசிய ஆட்சிப்பணித் தேர்வு அந்த வருடம் ஒழிக்கப்பட்டது. சீன இலக்கியத்தை மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, அதிகாரியாவது என்பதுதான் ஒரு குடும்பம் மேலே வரும் வழியாக இருந்தது. அந்த வழி ஒரே நாளில் மூடிவிட்டது. படித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கே போவார்கள்? பின்னாளில் தென்கொரியாவின் முதல் ஜனாதிபதியான சிங்மன் ரீ, அந்தப் பழைய தேர்வைப் பலமுறை எழுதித் தோற்றவர். 1895இல் பேஜேயில் சேர்ந்தார், முக்கியமாக ஆங்கிலத்துக்காக. என்னைக் கேட்டால், இன்றைய கொரியாவின் ஆங்கிலப் பித்தைப் புரிந்துகொள்ள உலகமயமாக்கலைவிட இந்த 1894 அதிகம் உதவும். பழைய தேர்வு போன இடத்தில்தான் ஆங்கிலம் வந்து உட்கார்ந்தது.

சரி, அந்த மூன்று அமெரிக்க ஆசிரியர்களில் ஒருவரைப் பற்றி நாம் தனியாகப் பேச வேண்டும். ஹோமர் ஹல்பர்ட். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர் கொரிய மொழியில் விழுந்துவிட்டார். சில வருடங்களிலேயே ஹங்குல் எழுத்தில் உலகப் புவியியல் பாடநூல் ஒன்றை எழுதினார். 1905இல் அவர் வெளியிட்ட இன்னொரு புத்தகம்தான் நமக்கு ஆச்சரியம்: கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிடும் இலக்கணம். ஆமாம், சியோலில் உட்கார்ந்துகொண்டு தமிழ் இலக்கணம் பார்த்திருக்கிறார் மனுஷன். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இலேயே வந்துவிட்டதால் அவருக்கு அது சாத்தியமாயிற்று.

உடனே ‘கொரிய மொழி தமிழிலிருந்து வந்தது’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்ற சொற்கள் உலகம் முழுக்க ஒரே மாதிரி இருப்பவை, அவற்றை வைத்து வம்சாவளி போட முடியாது. ஆனால் ஹல்பர்ட் கண்ணில் பட்டது பொய்யல்ல. இரண்டு மொழிகளிலும் வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். சொல்லின் வாலில் இன்னொரு வால், அதன் வாலில் இன்னொன்று என்று நீண்டுகொண்டே போகும். எழுத்தில்கூட ஒற்றுமை உண்டு. நம் ‘க’ சொல்லின் முதலில் ஒரு மாதிரியும் உயிர்களுக்கு நடுவில் வேறு மாதிரியும் ஒலிப்பதுபோல்தான் அவர்களின் முதல் மெய்யெழுத்தும். ‘எஃப்’ ஒலி இரண்டு பேருக்குமே சொந்தமில்லை. நாம் காப்பி குடிக்கிறோம், அவர்கள் ‘கொப்பி’ குடிக்கிறார்கள்.

அதனால்தான் கொரிய மாணவர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளைப் பார்த்தால் நமக்கு வீட்டு ஞாபகம் வருகிறது. ‘நீ சாப்பிடலையா?’ என்று கேட்டால் ‘ஆமா, சாப்பிடலை’ என்கிறோம். ஆங்கிலத்தில் அங்கே ‘நோ’ வர வேண்டும். கொரியரும் ‘யெஸ்’ என்றே சொல்லி மாட்டிக்கொள்வார். அவர்களும் மருந்தைச் ‘சாப்பிடுகிறவர்கள்’தான். கூடப்பிறந்தவர் இல்லாதவர்கூட ‘எங்க அம்மா’ என்பார், திருமணமான பெண் ‘எங்கள் கணவர்’ என்பார். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் எத்தனை பேருக்கு ஒரு கணவர் என்று கேட்பார்கள். நம் வீடுகளில் ‘எங்க வீட்டுக்காரர்’ சொல்லாதவர் யார்?

அவர்களுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. ‘யாக்சொக்’ என்ற ஒரே சொல் சத்தியம் செய்துகொடுப்பதற்கும் ஒருவரைச் சந்திக்க நேரம் குறிப்பதற்கும் பொது. அதனால் மாலையில் நண்பரைப் பார்க்க வேண்டியிருந்தால், இன்று எனக்கு ஒரு ‘ப்ராமிஸ்’ இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள். பாடம் கற்பிப்பதற்கும் போன் நம்பர் சொல்வதற்கும் ஒரே வினை என்பதால், ‘என் நம்பரை உங்களுக்குக் கற்பிக்கிறேன்’ என்று வந்து விழும்.

ஆங்கிலம் கொரிய மொழிக்குத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. 1896 ஏப்ரல் 7 அன்று சோ ஜே-பில் தொடங்கிய ‘தோங்னிப் சின்முன்’ பத்திரிகை மூன்று பக்கம் ஹங்குலிலும் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் வந்தது. சீன எழுத்தே கிடையாது. அதைவிட முக்கியம், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு அச்சிட்டார்கள். அதற்கு முன்பு கொரிய எழுத்து ஒரே சரமாகத்தான் ஓடும். மிஷனரி ஜான் ராஸ் 1877இலேயே தன் பாடநூலில் இடைவெளி விட்டிருந்தார், ஆனால் பொதுமக்கள் கையில் அதைக் கொண்டுபோனது இந்தப் பத்திரிகை. அதில் வேலை பார்த்த பேஜே மாணவர் ஜூ சி-கியோங்தான் பின்னாளில் நவீன கொரிய இலக்கணத்துக்கு அடித்தளம் போட்டவர்.

1910இல் நாடு ஜப்பானிடம் போனது. ஆங்கிலம் இப்போது ஜப்பானிய வகுப்பறை வழியாக, மொழிபெயர்த்து இலக்கணம் படிக்கும் முறையில் வந்தது. சொற்களும் ஜப்பானிய வாய் வழியாக. மின்சாரம் செருகும் பிளக் பாயின்ட்டுக்கு இன்றும் கொரியாவில் பெயர் ‘கான்சென்ட்’, தேர்வில் பிட் அடிப்பதற்குப் பெயர் ‘கன்னிங்’, இரண்டும் அந்த வழியில் வந்தவை. 1920, 30களின் சியோலில் முடியைக் கத்தரித்துக்கொண்ட பெண்களை ‘மாடர்ன் கேர்ள்’ என்றார்கள். பத்திரிகைகள் அதையே கொஞ்சம் திரித்து ‘மொத்துவென் கொல்’ என்று எழுதின, கெட்ட பெண் என்று அர்த்தம் வருகிற மாதிரி. (பெண் முடி வெட்டினால் உலகம் முழுக்க ஒரே அலறல்தான்.) 1937இல் இ ஜோங்-குக் என்பவர் கொரிய மொழியில் புழங்கிய அந்நியச் சொற்களுக்கென்றே ஒரு ‘மாடர்ன்’ அகராதி போட்டார். தலைப்பிலேயே மாடர்ன் என்ற சொல் உண்டு. யூன் சொல் போதவில்லை என்று எழுதி ஐம்பது வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் சொற்கள் குவிந்து, பேப்பர் படிக்கவே அகராதி தேவை என்ற நிலை.

1945இல் ஜப்பான் போய் அமெரிக்க ராணுவ ஆட்சி வந்தது. ராணுவ ஆட்சிக் காலத்தில் ஆங்கிலமே அலுவல் மொழி என்று முதல் பிரகடனத்திலேயே எழுதினார்கள். ஆங்கிலம் தெரிந்த சிலருக்கு ஒரே இரவில் வாழ்க்கை மாறியது. மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மறக்கவில்லை.

அடுத்த தலைமுறையின் ஆங்கிலம் என்றால் ஒரு புத்தகம். சோங் சொங்முன் 1967இல் முதலில் வெளியிட்டு, பின்னால் அவர் பெயரிலேயே அறியப்பட்ட ‘சொங்முன் ஜோங்ஹாப் யோங்-ஓ’. நம்மூரில் ரென் அண்ட் மார்ட்டின் எப்படியோ அங்கே அது அப்படி. இலக்கண விதி, எடுத்துக்காட்டு, மொழிபெயர்க்க ஒரு பத்தி. அதை முடித்தவர்கள் கடினமான ஆங்கிலப் பத்தியைப் பிரித்து மேய்வார்கள், ஒரு காப்பி ஆர்டர் செய்யத் திணறுவார்கள். இது கொரியர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் பழைய குறை. சோங் அந்த வருமானத்தில் பழம்பொருட்கள் சேர்த்தார். 2003இல் தேசியப் பொக்கிஷங்கள் உட்படத் தன் சேகரிப்பைத் தேசிய அருங்காட்சியகத்துக்கு அப்படியே கொடுத்துவிட்டார். இலக்கணப் புத்தகம் விற்ற காசு அருங்காட்சியகமான கதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

1993இல் ‘சுனுங்’ என்ற புதிய பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு வந்தது. கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி சேர்ந்தது. அந்த நேரம், பகல் 1:05 முதல் 1:40 வரை, நாடு முழுக்க விமானங்கள் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. 1997 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம். இலக்கணம் சுருங்கியது. இப்போது 45 கேள்விகள், 70 நிமிடம். அதில் இலக்கணத்துக்கென்று இருப்பது அண்மை ஆண்டுகளில் 29ஆம் கேள்வி, சொல்தேர்வுக்கு 30ஆம் கேள்வி. ஒரு பத்தி, பெரும்பாலும் நவீன வாழ்க்கை, தொழில்நுட்பம், மனித நடத்தை பற்றியது. ஐந்து இடத்தில் அடிக்கோடு. எது தவறு?

29இல் அடிக்கடி மாட்டுவது ‘தட்’டா ‘வாட்’டா என்பது. ஏன் அது கஷ்டம் என்று தமிழர்களுக்குச் சுலபமாக விளக்கலாம். ‘அவன் சொன்னது எனக்குத் தெரியும்’ என்கிறோம். அவன் சொன்ன விஷயம் தெரியுமா, அவன் சொன்னான் என்பது தெரியுமா? இரண்டுக்கும் ஒரே வாக்கியம். கொரிய மொழியிலும் ‘கொத்’ என்ற ஒரு சொல் இரண்டையும் முடித்துவிடும். ஆங்கிலம் பிரிக்கச் சொல்கிறது. ஆனால் கொரியர்களுக்கு ஆயுள் முழுக்கத் தொல்லை தரும் ‘அ’, ‘தி’ விவகாரம் இங்கே அவ்வளவாக வருவதில்லை. ஒரே விடைதான் சரி என்று நிறுவ முடியாததைத் தேர்வு எப்படிக் கேட்கும்?

30ஆம் கேள்வி இன்னும் விசித்திரம். சொல்தேர்வு என்று பெயர், நடப்பது தர்க்கம். கூடும் என்று இருக்க வேண்டிய இடத்தில் குறையும் என்று மாற்றி வைத்திருப்பார்கள். ‘ப்ராமிஸ்’ பிழை செய்கிற மாணவர் இதில் முழு மதிப்பெண் வாங்கலாம். 2025 நவம்பரில் ஆங்கிலத் தாள் இவ்வளவு கடினமா என்று நாடே கொந்தளித்தது. முதல் தரம் பெற்றவர்கள் 3 சதவீதம் சொச்சம்தான். தேர்வு நடத்தும் நிறுவனத்தின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. அந்தத் தேர்வுக்காகத் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டிய வீடுகளையும் கட்ட முடியாத வீடுகளையும் நினைத்தால், இது மொழிப்பாடமா, சல்லடையா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

தேர்வுக்கு வெளியே கொரியர்கள் பாட்டுக்கு ஆங்கிலத்தை வைத்துச் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்குக் ‘கொங்லிஷ்’ என்று பெயர். ‘ஹேண்ட்போன்’ என்றால் செல்போன், இது சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கும் பழகிய சொல். ‘நோட்புக்’ மடிக்கணினி. ‘ஐ ஷாப்பிங்’ என்றால் வாங்காமல் வேடிக்கை பார்ப்பது. கடைக்காரர் ஒரு தட்டை வைத்து ‘சர்வீஸ்’ என்றால் காசு வேண்டாம், கொசுறு என்று அர்த்தம். ஆசிரியர்கள் இவற்றைப் பிழைப்பட்டியலில் போடுகிறார்கள். நம் ‘கோ-பிரதர்’ எப்படிப் பிழையோ அப்படி. சகலையை ஆங்கிலத்தில் வேறு எப்படிச் சொல்வதாம்?

வடகொரியாவிலிருந்து தப்பி வருகிறவர்களுக்கு இது சிரிப்பு விஷயமில்லை. அதே மொழி, அதே எழுத்து. ஆனால் சியோலின் பெயர்ப்பலகை, உணவு அட்டை, வேலை விண்ணப்பம் எங்கும் ஹங்குலில் எழுதப்பட்ட ஆங்கிலம். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியும், பொருள் புரியாது. தெற்கே வந்ததும் அவர்களைத் திணறடிக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

2021 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி கொரியா சம்பந்தப்பட்ட 26 சொற்களைச் சேர்த்தது. கிம்பாப், ஹன்போக் எல்லாம் எதிர்பார்த்தவைதான். கூடவே ‘கொங்லிஷ்’ என்ற சொல்லும், ‘விடாதே, ஜெயிச்சுடுவே’ என்ற பொருளில் கொரியர்கள் கத்தும் ‘ஃபைட்டிங்’கும், தொட்டு அணைத்துக்கொள்ளும் நெருக்கத்தைக் குறிக்கும் ‘ஸ்கின்ஷிப்’பும் உள்ளே போயின. இந்தக் கடைசிச் சொல் ஜப்பான் வழியாக கொரியாவுக்கு வந்தது. பிள்ளைகள் எழுதினால் சிவப்பு மையில் சுழிக்கப்பட்ட சொல், இப்போது அகராதியில் இருக்கிறது.