வாங்க வந்த ஆள்

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழ, பர்மா அரிசி நின்றது. இலங்கை உண்ட அரிசியில் பெரும்பங்கு கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 9 காலையில் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டுகள் விழுந்தன. சனம் ஊரைவிட்டு ஓடியது. 1944இல் பிரித்தானியக் கீழைக் கடற்படை திரும்பி வந்தபோது மாலுமிகளும் டொக்யார்ட் வேலையாட்களுமாய் ஊர் நிறைந்தது. தம்பலகாமத்து வயல்கள் பக்கத்திலேயே இருந்தும் இத்தனை வயிற்றுக்கு அவை எம்மாத்திரம்?

பங்கீட்டுக் கூப்பனும் சங்கக்கடையும் வந்தன. 1939இலேயே தொடங்கிய விலைக் கட்டுப்பாடு இறுகியது. முன்கதவில் அரசாங்க விலை, பின்கதவில் வேறு விலை.

விலைக் கட்டுப்பாட்டுப் பரிசோதகர் நேரே போய் விலை கேட்டால் வர்த்தமானியில் உள்ள விலைதான் பதிலாக வரும். அதனால் இலங்கை முழுவதும் ஒரு வழக்கம் வேரூன்றியது: சாதாரண ஆள் ஒருவரிடம், இலக்கம் குறித்துக்கொண்ட ரூபாய்த் தாளைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புவது. காதெட்டும் தூரத்தில் இன்னொருவர் நிற்பார். காசு கைமாறியதும் சைகை. பரிசோதகர் உள்ளே நுழைந்து பொருளை நிறுப்பார், பெட்டியில் அந்தத் தாளைத் தேடுவார். 1950ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழும் இதே நடைமுறைதான். அந்நிய முகங்கள் மலிந்த துறைமுக ஊர் இதற்கு வசதியானது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த கிராமத்தில் பொய் வாடிக்கையாளர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

சிக்கல் நீதிமன்றத்தில்தான். பொறிவைக்கப் போனவரும் குற்றத்துக்கு உடந்தைதானே, அவர் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிக்கலாமா என்று கடைக்காரரின் வழக்கறிஞர் கேட்பார். இலங்கைச் சட்ட அறிக்கைகளில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கேட்டது ஒரு காது, கண்டது ஒரு கண். மறுக்க ஒரு வாய் போதும்.

அதே 1940களில் அமெரிக்காவிலும் பொய் வாடிக்கையாளரை அனுப்பும் வேலை நடந்தது; அங்கே அனுப்பியது அரசாங்கமல்ல, கடை முதலாளி. காசாளர் கைவைக்கிறாரா என்று பார்ப்பது முதல் நோக்கம். ஊழியர் முகம் மலர்ந்து பேசுகிறாரா என்பதெல்லாம் பிறகு சேர்ந்தது. சட்டைப் பொத்தானுக்குள் கமரா புகுந்தபின் சாட்சிப் பிரச்சினை பாதி தீர்ந்தது. இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர் முதலில் எழுத்தறிக்கை வேலைகளில் கைபழகுவதே நல்லது; பிறகு வீட்டில் ஒத்திகைப் பதிவு. படம் தலைவாசலில் தொடங்கி வெளியேறும்வரை வெட்டுப்படாமல் ஓடவேண்டும், எதிரிலிருப்பவர் முகம் படச்சட்டத்துக்குள் விழவேண்டும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் அந்தரங்கப் பேச்சை எல்லாரது சம்மதமும் இன்றிப் பதிவது குற்றம் என்பதால், ஊழியரின் சம்மதம் வேலைக்கு முன்பே வாங்கப்படவேண்டும். கமராவை விட அந்தக் கையொப்பமே முக்கியம் என்பேன்.

திருகோணமலையில் இன்று கடைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் இருக்கிறது. பொருளை வைத்துக்கொண்டே இல்லை என்பதும் அச்சட்டப்படி குற்றம். அதை நிரூபிக்க இப்போதும் யாராவது வாங்குபவராகப் போய்க் கேட்டாகவேண்டும். ஒரு வித்தியாசம்: கல்லாவுக்கு மேலே கடைக்காரரும் ஒரு சிசிடிவி மாட்டியிருக்கிறார். வந்த முகத்தை அடுத்த கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப எவ்வளவு நேரமாகும்?