ஸ்பீடோமீட்டர் கம்பெனி விழுந்ததும் எழுந்ததும்

கொமரலிங்கத்துல எங்க அப்புச்சி ஓட்டின பழைய பைக் இன்னும் தாழ்வாரத்துல நிக்குது. அதோட மீட்டர்ல சின்ன எழுத்துல ஒரு பேர் இருக்கும்: ப்ரிக்கால். ரொம்ப நாள் அது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனின்னே நெனச்சிருந்தேன். நம்ம கோயம்புத்தூர்க் கம்பெனி. மேட்டுப்பாளையம் ரோட்டுல, பெரியநாயக்கன்பாளையத்துல 1975-ல் உற்பத்தியை ஆரம்பிச்சது. முழுப் பேர் பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ். அதைச் சுருக்கினதுதான் ப்ரிக்கால். இன்னைக்கு எபிசோடு அதோட வரவு செலவுக் கதை.

பழைய ஸ்பீடோமீட்டர் ஒரு அழகான பொருள். சக்கரம் சுத்தினா ஒரு கேபிள் சுத்தும். கேபிள் ஒரு காந்தத்தைச் சுத்தும். காந்தம் பக்கத்துல இருக்கிற அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும், ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைத் தடுக்கும். ரெண்டுக்கும் நடுவுல முள் நிக்கிற இடம்தான் உங்க வேகம். விலை கம்மி, ஆனா துல்லியம் வேணும். 1980-களில் ஜப்பான் கூட்டுல 100 சிசி பைக்குகள் வந்து இரு சக்கர வண்டிச் சந்தை பெருகினப்போ, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மீட்டர் தேவைப்பட்டது. ப்ரிக்கால் வளர்ந்தது அந்த அலையில்தான்.

வளர்ச்சிக்குள்ள காயமும் இருந்தது. 2007-ல் இருந்து தொழிற்சங்க அங்கீகாரம் கேட்டு நீண்ட போராட்டம். 2009-ல் ஆலைக்குள்ள நடந்த தாக்குதல்ல மனிதவளப் பிரிவின் துணைத் தலைவர் உயிரிழந்தார். தொழிலாளர்கள் பல வருஷம் வழக்குகளைச் சுமந்தார்கள். லாப நஷ்டக் கணக்குல இதுக்கெல்லாம் தனி வரி கிடையாது.

அப்புறம்தான் பெரிய தப்பு. 2015-ஐ ஒட்டி பிரேசிலில் ஆயில் பம்ப், வாட்டர் பம்ப் செய்யும் ஆலை கைக்கு வந்தது. 2017-ல் செக் குடியரசு, மெக்சிகோவில் வைப்பர் தொழிலையும் வாங்கினார்கள். உலகக் கம்பெனி ஆகணும்ங்கிற ஆசை நியாயமானதுதான். ஆனா அந்த நேரம் பிரேசில் பொருளாதாரமே சரிஞ்சு கிடந்தது. கோவை ஆலைகள் சம்பாதிச்ச பணம் வெளிநாட்டு நஷ்டத்தை அடைக்கவே போனது.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஒரு கம்பெனிக்கு ரெண்டு கணக்கு இருக்கும். ஸ்டாண்ட்அலோன் கணக்குல தாய்க் கம்பெனி மட்டும். கன்சாலிடேட்டட் கணக்குல பிள்ளைகளும் சேரும். முதல் கணக்கை மட்டும் பார்த்தவங்களுக்கு ப்ரிக்காலோட நோய் முழுசாத் தெரிஞ்சிருக்காது.

2020-ல் வெளிநாட்டுத் தொழில்களை விட்டு வெளியேறினார்கள். அதே வருஷக் கடைசியில, கொரோனாவுக்கு நடுவுல, ஏற்கெனவே பங்கு வச்சிருந்தவங்ககிட்டயே பங்கு ஒண்ணு 30 ரூபாய்னு ரைட்ஸ் இஷ்யூ போட்டு, சுமார் 81 கோடி ரூபாய் திரட்டினார்கள். கடன் சுமை இறங்கினதும், பழைய மீட்டர் தொழிலே கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது.

அது எழுந்து நின்னதுக்கு ஒரு சாட்சி சொல்றேன். 2023 பிப்ரவரியில் இதே துறையின் மிண்டா கார்ப்பரேஷன், சந்தையில் 15.7 சதவீதப் பங்கை சுமார் 400 கோடிக்கு வாங்கியது. நிறுவனர் குடும்பத்தோட பங்கு 40 சதவீதத்துக்கும் கீழே இருந்ததால பயம் வந்தது; அவங்க எதிர்த்தாங்க. கடைசியில 2024 ஜனவரியில் மிண்டா அந்தப் பங்கை 650 கோடிக்கு மேல வித்துட்டு வெளியேறியது. கம்பெனி கைமாறல. ஆனா ஒரு வருஷத்துக்குள்ள அதோட மதிப்பு எவ்வளவு ஏறிச்சுன்னு பாருங்க.

இனி என்ன? எலெக்ட்ரிக் வண்டிக்கு சைலன்ஸர் வேண்டாம், கார்புரேட்டர் வேண்டாம். மீட்டர் வேணும். கேபிளும் முள்ளும் போய் திரை வந்துடுச்சு, அவ்வளவுதான். அது ப்ரிக்காலுக்குச் சாதகம். ஆனா திரைன்னு வந்ததும் போட்டி எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளோட. சிப்புக்கு வெளிநாட்டை நம்பணும். இரு சக்கர வண்டி விற்பனை படுத்தா இவங்களும் படுப்பாங்க.

2025 தொடக்கத்தில் டிவிஎஸ் மோட்டாரின் துணை நிறுவனமான சுந்தரம் ஆட்டோ காம்போனென்ட்ஸின் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலை 215 கோடிக்கு வாங்கியிருக்காங்க. இது கடல் தாண்டி வாங்கினது இல்ல. தெரிஞ்ச ஊர், தெரிஞ்ச வாடிக்கையாளர். பழைய பாடம் படிச்சாங்களான்னு அடுத்த சில வருஷக் கணக்குல தெரியும்.

நீங்க பார்க்கும்போது ஸ்டாண்ட்அலோனோட நிறுத்தாதீங்க, கன்சாலிடேட்டட் பக்கத்தையும் புரட்டுங்க.