அரசிதழ் அறிவிப்பும் சங்கம் அமைக்கும் உரிமையும்

கிருஷ்ணகிரியினின்று ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள குருபரப்பள்ளி இன்று சிப்காட் தொழிற்பேட்டையால் அறியப்படுகிறது. அங்கே தொழிலாளர் சங்கம் அமைப்பதும், நம் சபையார் சங்கமாகக் கூடுவதும் அரசமைப்பின் 19ஆம் பிரிவு அளிக்கும் ஒரே உரிமையின்பாற்பட்டவை. இவ்வுரிமையின் எல்லையை வரையறுத்த பழைய வழக்கொன்றை ஈண்டு நோக்குவோம். அந்நாளில் இவ்வூர் சென்னை மாநிலத்துச் சேலம் மாவட்டத்தில் இருந்தது. வழக்கும் சென்னை மாநிலத்திலேயே எழுந்தது.

1950 மார்ச் 10 அன்று சென்னை அரசு, மக்கள் கல்விச் சங்கம் என்னும் பதிவு பெற்ற அமைப்பைச் சட்டவிரோதமானதென அறிவித்தது. தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்டு கட்சிக்கு அது உதவியதென்பது அரசின் வாதம். அரசு கைக்கொண்டதோ 1908ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டம். 1930களில் ஆங்கில ஆட்சி காங்கிரஸ் அமைப்புகளைத் தடைசெய்யப் பயன்படுத்திய அதே சட்டத்தை, இப்போது காங்கிரஸ் அரசே கையில் எடுத்தது!

சங்கத்தின் பொதுச் செயலாளரும் வழக்கறிஞருமான வி. ஜி. ராவ் உயர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே அரசு சட்டத்தைத் திருத்தி, ஆலோசனைக் குழுவொன்றை அமைக்க வழிசெய்தது. எனினும் உயர் நீதிமன்றம் 1950 செப்டம்பரில் தடையைச் செல்லாததாக்கிற்று. அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 1952 மார்ச் 31 அன்று தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. ஏ. கே. கோபாலனின் தடுப்புக் காவல் வழக்கில், 1950இல், அரசின் பக்கம் நின்றவர்களுள் அவரும் ஒருவர் என்பதை நாம் மறத்தலாகாது.

சங்கத்தின் கொள்கை சரியா என்னும் வினாவுக்குள் நீதிமன்றம் செல்லவில்லை. தடை விதிக்கப்பட்ட முறையையே ஆராய்ந்தது. அறிவிப்பு அரசிதழில் வெளிவந்தால் போதும். உறுப்பினருக்கு நேரில் தெரிவிக்க வேண்டியதில்லை. அறியாதிருந்தவரும் சிறை செல்ல நேரலாம். சங்கத்தின் சொத்தும் பறிபோகலாம். ஆலோசனைக் குழுவின் முன்னும் தோன்றி வழக்காட அவருக்கு இடமில்லை. தடைக்கான காரணங்களை நீதிமன்றம் ஆராய வழியின்றி, அரசின் மனநிறைவையே முடிவாக்கும் கட்டுப்பாடு நியாயமானதன்று என நீதிபதிகள் கண்டனர்.

ஆயினும் இவ்வுரிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. வங்கி ஊழியர் வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம், சங்கம் அமைக்கும் உரிமையில் வேலைநிறுத்த உரிமையோ, பயன்தரும் கூட்டுப்பேரமோ அடங்காது என்றது. குருபரப்பள்ளித் தொழிலாளர் சங்கம் அமைப்பதை அரசமைப்பு காக்கிறது. நிர்வாகம் அச்சங்கத்தோடு பேசியே ஆகவேண்டும் என்று அது கட்டளையிடவில்லை.