பதினெட்டாம் எண்ணின் அம்பு

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி, மூக்கண்டப்பள்ளி, ஜுஜுவாடி பக்கமெல்லாம் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். அவற்றில் ஒன்றின் பழைய சிஎன்சி ப்ரோக்ராம்களை வகைப்படுத்தும் வேலை எனக்கு வந்தது. கையில் கிடைத்தவை ஒரு டாஸ் கம்ப்யூட்டர், பூஞ்சை படிந்த ஃப்ளாப்பிகள், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்ட் கட்டுகள். கோப்புகளை அந்தக் கம்ப்யூட்டரிலேயே திறந்தால் பலவற்றின் தலையில் ↕ என்றோர் அம்பு, வாலில் ¶. நடுவில் வழக்கமான % குறியும் ஜி-கோடும்.

செட்டரிடம் பதில் தயாராக இருந்தது. "வெர்டிகல் மெஷின் சார். ஸ்பிண்டில் மேலே கீழே போகுதுல்ல, அதுக்கு அடையாளம்." நல்ல ஊகம்தான். ஆனால் லேத் ப்ரோக்ராம்களிலும் அதே அம்பு நின்றது. லேத்தில் இசட் அச்சு படுக்கைவாட்டில் ஓடும். கன்ட்ரோல் ஃபானுக் என்பதால் அது ஜப்பான்காரன் முத்திரை என்றார் அத்திப்பள்ளியிலிருந்து வேலைக்கு வரும் ஆப்பரேட்டர். வாலில் இருக்கும் ¶ குறிக்கு அவரிடம் விளக்கம் இல்லை.

துப்பு கிடைத்தது பிரிண்ட் கட்டில். அதே ப்ரோக்ராம், அதே எண். தாளில் மட்டும் அம்பைக் காணோம். டாஸ் திரையில் ↕ என்பது 18ஆம் எண்ணின் உருவம். எப்சன் வகைப் பிரிண்டருக்கு அதே 18 போனால், எழுத்தை ஒடுக்கி அடிப்பதை நிறுத்து என்று பொருள். பிரிண்டர் அதை அச்சடிக்காமல் கட்டளையாக எடுத்துக்கொண்டுவிட்டது. கோப்பை என் லேப்டாப்பில் நோட்பேட்++ கொண்டு திறந்தேன். அம்பு மறைந்து, அந்த இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் 'டிசி2' என்று வந்தது. வாலில் 'டிசி4', அதாவது 20. ஆக, கோப்பில் அம்பே இல்லை, எண்தான் இருக்கிறது.

மீதியை ஃபானுக் கையேடு சொன்னது. கேபிள் வழியாகக் கோப்பு போய்வர நான்கு குறிகள்: டிசி1 நாடா படிப்பானை ஓட்டும், டிசி3 நிறுத்தும், டிசி2 நாடாவில் துளையிடும் கருவியை இயக்கும், டிசி4 விடுவிக்கும். காகித நாடா வழக்கொழிந்து எத்தனையோ காலமாகிறது. ஆனாலும் ப்ரோக்ராமை வெளியே அனுப்ப பல மெஷின்களில் அழுத்தும் பட்டனின் பெயர் 'பஞ்ச்'தான். இந்த நான்கும் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும், 1963இல் வந்த ஆஸ்கி தரத்தின் காலத்தவை. டெலிடைப் 33 போன்ற தொலைத்தட்டச்சு இயந்திரங்களில் நாடாவை ஓட்டியவை. அதே 1963 பட்டியலில் நிஜமான அம்புகளும் இரண்டு இருந்தன: 94ஆம் இடத்தில் மேல் அம்பு, 95இல் இடது அம்பு. 1967 திருத்தத்தில் அவற்றின் இடத்தை ^ குறியும் அடிக்கோடும் பிடித்துக்கொண்டன. அம்புகளைத் துரத்திவிட்டு அடிக்கோட்டுக்கு இடம் கொடுத்ததில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

பிறகு 18க்கு அம்பு முகம் கொடுத்தது யார்? 1981இல் வந்த ஐபிஎம் பிசி. திரையில் கட்டளை எண்களுக்கு உருவம் தேவையில்லை என்பதால், காலியாகக் கிடந்த முதல் 32 இடங்களில் சிரிக்கும் முகம், சீட்டுக்கட்டுச் சின்னங்கள், அம்புகள் எல்லாம் வந்து உட்கார்ந்தன. வாங் நிறுவனத்தின் சொற்செயலி இயந்திரங்களைப் பார்த்துத்தான் இவற்றைச் சேர்த்தோம் என்று பில் கேட்ஸ் 1995இல் ஃபார்ச்சூன் பத்திரிகையிடம் சொல்லியிருக்கிறார். ஷாங்காயில் பிறந்த ஆன் வாங் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் அது. ஆக, நாடாவில் ஓட்டை போடச் சொன்ன உத்தரவு, ஓசூர்த் திரையில் கடிதம் தட்டும் இயந்திரத்தின் படத்தை அணிந்துகொண்டு நின்றிருக்கிறது.

இவ்வளவு காலம் இதை யாரும் அழிக்காததற்குக் காரணம் எளிது. ஃபானுக் கன்ட்ரோல், முதல் வரிமுடிவு வரும் வரை எதையும் பொருட்படுத்தாது. கடைசி % குறிக்குப் பின்னால் இருப்பதையும் படிக்காது. தொந்தரவு தராத குப்பையை யார் கூட்டுவார்கள்?

எனக்கு அது குப்பை அல்ல. யூனிகோடில் ↕ குறிக்கு 2195 (பதினறும எண்) என்ற தனி இடம் உண்டு. பழைய கோப்புகளை மாற்றும்போது 18ஐ 18ஆகவே விடுவதா, 2195 ஆக்குவதா என்பதற்கு யூனிகோட் அமைப்பே இரண்டு வேறு அட்டவணைகளை வைத்திருக்கிறது. நான் 18ஆகவே விட்டேன். 2195 ஆக்கினால் அம்பு கண்ணுக்குத் தெரியும். ஆனால் யுடிஎஃப்-8இல் அது மூன்று பைட்டாகிவிடும், கோப்பு எங்கிருந்து வந்தது என்ற தடயம் கெட்டுப்போகும்.

அந்தத் தடயத்துக்கு வேலை இருந்தது. கம்ப்யூட்டரில் தட்டிய கோப்பில் டிசி2 வராது. மெஷினிலிருந்து கேபிளில் இறங்கிய கோப்பில்தான் வரும். கேபிள் மென்பொருள்கள் சில அதைக் கழித்துவிடுவதால், அம்பு இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் இருந்தால் அது உறுதியான சாட்சி. ஒரே பாக எண்ணுக்கு இரண்டு ப்ரோக்ராம்கள், ஃபீட் (டூல் நகரும் வேகம்) மட்டும் வேறு, தேதி நம்பும்படி இல்லை என்ற நிலையில் அம்புள்ளதைத் தனியே எடுத்து வைத்தேன். ஃபீட் குறைவாக இருந்தது அதில்தான். செட்டர் பார்த்ததும், "டூல் உடைஞ்சுதுன்னு மெஷின்லயே குறைச்சோம் சார், இதுதான் ஓடினது" என்றார்.