தொண்ணூறு ஆண்டுகள் நிலைத்த தவறு

இராஜபாளையத்தை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அய்யனார் கோவில் என்னும் இடம் உண்டு. சித்திரை வெயிலில் நகரத்துத் தெருக்களில் நடந்தவர் அங்குள்ள ஓடைக்கரை மரநிழலை அடைந்தால், வேறொரு நாட்டிற்கு வந்துவிட்டதாகவே எண்ணுவர். சில கல் தொலைவிற்குள் இத்துணை வேறுபாடு! அப்படியாயின், ஓர் ஊரின் வெப்பம் இவ்வளவென்று எதைக் கொண்டு கூறுவது? நேர்வெயில் படாத, காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டியினுள் வைக்கப்பட்ட வெப்பமானி காட்டுவதே கணக்கு. கருவி செம்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதைப் பார்த்து எழுதுபவரும் செம்மையாக எழுத வேண்டும். இதை உலகிற்கு உணர்த்தியது லிபியா நாட்டுச் சிற்றூர் ஒன்று.

திரிபோலி நகருக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அல் அஸீஸிய்யா. லிபியா இத்தாலியரின் ஆட்சியில் இருந்த காலம் அது. 1922 செப்டம்பர் 13 அன்று, அங்கிருந்த இராணுவக் கோட்டையில் 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. உலகில் அதுவரை அளக்கப்பட்ட வெப்பங்களில் அதுவே மிகுதியானது என்று பாடநூல்கள் எழுதின. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் மனப்பாடம் செய்தனர்.

ஐயம் கொண்டோர் இருந்தனர். ஆயினும் மூல ஏட்டைத் தேடியெடுத்தவர் லிபியா நாட்டு வானிலை அறிஞர் காலித் அல் ஃபத்லி. உலக வானிலை அமைப்பு கூட்டிய ஆய்வுக்குழுவில், இத்தாலி, எகிப்து, மொராக்கோ முதலிய நாடுகளின் அறிஞர்களுடன் அவரும் இடம்பெற்றார். 2011இல் லிபியாவில் புரட்சி மூண்டபோது பல மாதங்கள் அவரிடமிருந்து செய்தியே இல்லை. பின்னர் அவர் திரும்பி வந்தார், பணி தொடர்ந்தது.

ஏட்டில் கண்டது என்ன? 1922 செப்டம்பர் 11 முதல் கையெழுத்து மாறியிருந்தது. புதியவர் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். எண்களை இடம் மாற்றியும் எழுதியிருக்கிறார். அங்கிருந்த பழைய வகை வெப்பமானியில், பாதரசம் தள்ளிச் செல்லும் சிறு குறிமுள்ளின் கீழ்முனையைப் பார்த்தே அளவு குறிக்க வேண்டும். மேல்முனையைப் பார்த்தால் சுமார் 7 டிகிரி கூடிவிடும். அவ்வாறே நேர்ந்திருக்கக்கூடும் என்று குழு கருதியது. அண்டை நிலையங்களின் கணக்கும் அந்த 58 டிகிரிக்கு ஒத்துவரவில்லை.

2012 செப்டம்பர் 13 அன்று, சரியாகத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், அப்பதிவு நீக்கப்பட்டது. அமெரிக்காவின் டெத் வேலிப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி முதலிடம் பெற்றது. அதனையும் ஐயுறுவோர் இன்று உளர். குளிரின் எல்லையோ, அண்டார்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான, சுழியத்திற்குக் கீழ் 89.2 டிகிரி.

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்ற செய்தி நாடெங்கும் பரவியது. கருவி 3 டிகிரி மிகுதியாகக் காட்டியதென்று பின்னர் வானிலைத் துறை அறிவித்தது. ஆகவே ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று பதிவான 51 டிகிரியே இந்தியாவின் உச்சமாக நிற்கிறது.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியைக் கேட்டவுடன் ஏற்றுக்கொள்ளவில்லை. சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்று ஒவ்வொருவராக ஆராய்ந்தனர். அல் அஸீஸிய்யாவின் ஏட்டை ஆராய்ந்தோர் கைக்கொண்டதும் அத்தகைய நெறியே. தமக்கே பாதகமாயினும் உண்மைக்குச் சாட்சியாக நிற்க வேண்டுமென்பது மார்க்கம் நமக்குக் கற்பித்த பாடம். தம் நாட்டின் பெயரில் இருந்த உலகச் சாதனையைத் தம் கையாலேயே இறக்கி வைக்கத் துணைநின்றார் ஒரு லிபிய அறிஞர். சாதனை போயிற்று, வாய்மை நின்றது.